திருத்தப்பட்ட அறிக்கை

அமோனியா வாடை அலுவலகம் வரை வந்து
ஏசிக்குள் தங்கிவிட்டது.
பெங்களூரிலிருந்து ஷ்ரேயஸ் போனில் சொன்னார்:
முதல் ஒரு மணி நேரம்தான் மேடம் எல்லாம்,
நாம் பேசாவிட்டால் ஊர் பேசிவிடும்.

ஊர் பேசிக்கொண்டுதான் இருந்தது.
காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் செத்திருந்தார்கள்,
பாலக்கோடு போய்ச் சேர்வதற்குள் நாற்பது.
கேட்டுக்கு வெளியே
பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள்
தென்பெண்ணைப் பாலம் வரை.
"ஆர் செத்தது?" என்று கேட்டுவிட்டு
கொஞ்சம் விட்டு, குரல் இறக்கி,
"இன்னிக்கு எடை உண்டுங்களா?"
வெயிலில் பழம் பொறுக்காது. யாரைக் குறை சொல்ல?

கசிவு என்று அடித்தேன்.
கசிவு வேண்டாம், நிகழ்வு என்றார்.
எங்கள் ஊழியர் என்று அடித்தேன்.
வக்கீல் இடையில் வந்தார்:
ஒப்பந்தக் கூலிக்கு 'எங்கள்' கிடையாது.
மன்னிப்பு கேட்காதீர்கள், வருத்தம் தெரிவியுங்கள்,
மன்னிப்பு என்றால் பொறுப்பு.
'பழக்கூழ் எவ்வகையிலும் பாதிக்கப்படவில்லை' என்பதை மட்டும்
எல்லோரும் சேர்ந்து
முதல் வரிக்குத் தூக்கி வைத்தார்கள்.
ரோட்டர்டாமில் யாரோ எழுந்ததும் படிக்க வேண்டுமாம்.

பெயர் போடுங்கள், பெயர் இருந்தால்
மனிதத்தன்மை தெரியும் என்றார் ஷ்ரேயஸ்.
மேஸ்திரி எல்லப்பனின் வருகை நோட்டில்
சாறு பட்டு ஒட்டிக்கிடந்த பக்கத்தைப் பிரித்தேன்.
எட்டாம் எண் ஷெட், இரவு ஷிப்ட்,
மாதேவி, வயது முப்பத்து நாலு.
ஆழ்ந்த இரங்கல். குடும்பத்துக்குத் துணை நிற்கிறோம்.
பதினொன்று இருபதுக்கு அனுப்பினேன்.
அருமையாக வந்திருக்கிறது, உடனே பதில்.

பன்னிரண்டு அடிக்க
மேசைத் தொலைபேசி.

"மாதேவி பேசறேன்."

"எந்த...?"

"நீங்க செத்துட்டேன்னு போட்டிருக்கீங்களே, அவதான்.
மளிகைக் கடைக்காரன் வந்து வாசல்ல நின்னு
பாத்துட்டுப் போறான்.
புள்ளைக்கு ஜுரம், நா ஊட்ல இருந்துட்டேன்.
ஆள் நின்னா சீட்டக் கிழிச்சுருவான் மேஸ்திரின்னு
எம் பேர்ல போனது எங்க நாத்தனா."

என் மேசையில் ஒரு கையேடு உண்டு.
தீ, வெள்ளம், டின்னுக்குள் பல்லி, வேலைநிறுத்தம்,
ஒவ்வொன்றுக்கும் நிறம் பூசிய தனிப் பக்கம்.
செத்தவள் கூப்பிட்டால் என்ன சொல்வதென்று
அதில் இல்லை.

மன்னிச்சுடுங்கம்மா என்றேன்.
வாய் தவறி வந்தது என்று
வக்கீலிடம் சொல்லிக்கொள்ளலாம்.
அந்தப் பக்கம் காதில் விழுந்ததா தெரியாது,
குழந்தை இருமிக்கொண்டிருந்தது.

"சென்றாயி. எழுதிக்க.
பெரிய றா போடு. ரேசன் கார்டுல சின்ன ராவப் போட்டு
மூணு வருசம் தாலுகா ஆபீசுக்கு அலைஞ்சா."

எழுதிக்கொண்டேன்.
வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"இன்னொண்ணு.
ஆறு நாள் கூலி நிக்குது.
அது அவ பேர்ல வருமா, எம் பேர்ல வருமா?"

செல்போனில் ஷ்ரேயஸ் மினுங்கினார், எடுக்கவில்லை.
வெளியே எடைமேடை ஓடத் தொடங்கிவிட்டது போல,
முதல் டிராக்டர் ஏறும் சத்தம்.
பழைய கோப்பைத் திறந்து
மாதேவியை அழித்தேன்.
பெரிய றா போட்டேன்.
முதல் வரியில் பழக்கூழ்
அப்படியே இருந்தது,
எவ்வகையிலும் பாதிக்கப்படாமல்.