பதினோரு மாதம்

"பொதைக்கறீங்களா, எரிக்கறீங்களா?"
சீட்டில் தேதி போட்டபடியே
கேட்டுவிட்டார் கால்நடை டாக்டர்.
பாபின் இன்னும் சூடாக இருந்தாள்.
அவள் காதுமடலில் உண்ணி தேடிக்கொண்டிருந்தது
என் விரல், பழக்கத்தில்.

நூல் கோன் வந்த அட்டைப்பெட்டியில்
கம்பெனியிலிருந்து தூக்கி வந்தது.
பதிமூன்று வருசம், ஐந்து வாடகை வீடு.
அதே அளவுப் பெட்டியில் வைத்தால்
இப்போது தலையும் வாலும் வெளியே.

எங்கள் பக்கம்
கல்யாணமாகாத பிள்ளைகளைப் புதைப்போம்,
ஆண்டு அனுபவித்தவர்களை எரிப்போம்.
"இவ எதுல சேர்த்தி?" என்றேன்.
அர்த்தநாரி யோசித்தார்.
"நாலு ஈத்துப் போட்டுருக்கறா."
"கல்யாணம் ஆகலையே."
சிரிப்பு வந்துவிட்டது இருவருக்கும்.
செருப்பு மாட்டத் தெரியாமல்
ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம்.

வீட்டுக்காரம்மாவிடம் முருங்கையடியைக் காட்டினேன்.
"வேண்டாங் கண்ணு,
கீழ தண்ணித் தொட்டி இருக்குதல்லொ."
காங்கயத்துப் பெரியப்பா போனில் சொன்னார்:
"கிளுவை வேலியோரம் வெச்சுக்க.
சுக்காங்கல்லு, கடப்பாரை எறங்காது.
ஆவணிக்குள்ள காடு கெரயம் ஆயிரும், பாத்துக்க."
நொய்யல் கரையை நான் சொல்லவில்லை,
அவரும் சொல்லவில்லை.
ஒருமுறை அங்கே போய்விட்டு வந்து
வாரம் முழுக்க நீலப் பாதத்தோடு நடந்தாள்.

எனக்கு மண்தான்.
தீபாவளிக்குத் தீபாவளி
ஓவர்லாக் மிஷினுக்கு அடியில்
மூத்திரம் போய்க் கிடப்பாளே,
அவளைக் கொண்டுபோய் நெருப்பிலா?

"மண்ணை எடுத்துட்டுப் போக முடியுமா?"
அர்த்தநாரி என்னைப் பார்த்துக் கேட்கவில்லை,
பெட்டியைப் பார்த்துக் கேட்டார்.
"அடுத்த வூடு மாறும்போது
இவளை மட்டும் உட்டுட்டா போறது?"

சித்திரை வெயில்.
சர்பத் கடை ஐஸ் கரைந்து
படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

கோயமுத்தூருக்கு வேன் பிடித்தோம்.
ஏற்றுமதியில் திரும்பி வந்த
வெள்ளை இன்டர்லாக் துணியில் சுற்றினேன்.
ஒரு தையல் விட்டுப்போன பழுது,
கண்ணுக்கே தெரியாது.
இரும்புக் கதவு மூடும் நேரத்தில்
எரிக்கச் சொன்னவர்
டீ குடித்து வருவதாகப் போய்விட்டார்.
புதைக்கச் சொன்னவள் நின்றேன்.

டப்பாவைக் கையில் தந்தார்கள்.
ஒரு கோன் நூல் கனம்கூட இல்லை.
ஞாயிறானால் எடுத்துத் துடைப்பார்,
எங்காவது ஒரு இடத்தில் சேர்த்துடணும் என்பார்,
மறுபடி டிவி மேலேயே வைப்பார்.

வைகாசியில் அக்ரிமென்ட் முடிந்தது.
புது வீட்டுக்காரர் சாவியை
விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்:
"நாய் கீய் இருக்குதுங்களா?"

"இல்லீங்க" என்றார் அர்த்தநாரி,
என் மடிப் பக்கம் திரும்பாமல்.

லோடு ஆட்டோவில் உட்கார்ந்திருந்த நான்
துணிப்பையின் வாயைச் சுருட்டி
இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்,
குரைத்துவிடுவாள் என்று.