சார்ந்திருப்போர்

விண்ணப்பம் வந்து பதினோரு நாள்.
சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் ஜாடிக்கு அடியில்,
எண்ணெய் வட்டம் ஒன்றை வாங்கிக்கொண்டு கிடக்கிறது.
ஆனக்கல் கிளப், மலைமேல்.
மூன்று மொழியில் அச்சடித்திருக்கிறார்கள்,
தமிழில் மட்டும் இரண்டு பிழை.

சேர்க்கைக்கு நாலரை லட்சம்.
மாதம் இரண்டாயிரத்து எழுநூறு,
போனாலும் போகாவிட்டாலும்.
"போகாத மாசத்துக்கு எதுக்குங்க?"
"அதுக்குப் பேர்தான் கிளப்பு."

அவர் கணக்கு வேறு.
ஏலக்காய் விலை ஏறினால் ஊருக்கே தெரியும்.
ஏறப்போவது
முந்தின சாயங்காலமே
பச்சைத் துணி விரித்த மேசையைச் சுற்றி நிற்கும்
ஆறு பேருக்குத் தெரியும் என்கிறார்.
ஏழாவது ஆளாய் நிற்பதற்கு
நாலரை லட்சம் அதிகமா?

போன சனிக்கிழமை விருந்தாளிகளாய்ப் போய்வந்தோம்.
கம்பம்மெட்டு ஏற்றத்தில்
காய் பறிக்கப் போகும் ஜீப் முன்னால் போனது.
கடைசியில் தொற்றிக்கொண்டிருந்த எங்கள் தெரு ஒச்சம்மா
கொண்டை ஊசி வளைவில் என்னைப் பார்த்துக் கத்தினாள்:
"நீங்களும் மலைக்கா? யாரு தோட்டத்துல வேலை?"
சோதனைச் சாவடியில் அவர்கள் தூக்குவாளிகளைத் திறந்து பார்த்தார்கள்.
எங்கள் காருக்குக் கையசைத்தார்கள்.

சுவரில் காட்டெருமைத் தலை, கண்ணுக்குக் கண்ணாடிக் கோலி.
பழைய தலைவர்கள் பெயர்ப் பலகையில்
முதல் இருபதை என்னால் வாசிக்க முடியவில்லை,
பிறகு வரிசையாய்க் குரியன்கள், சாக்கோக்கள்.
நடுவில் ஒரே ஒரு தமிழ்ப் பெயர், ஒரே ஒரு வருஷம்.
அதன் கீழே அவர் நின்ற நேரத்தில்
நான் ஒரு காபி குடித்து முடித்தேன்.

நீச்சல் குளத்தைத் தொட்டுவிட்டு
சஃபியா கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.
பெண்களுக்கு புதன்கிழமை மூன்று முதல் நாலு வரை.
புதன்கிழமை அவளுக்குப் பள்ளிக்கூடம்.
பாரைத் தாண்டாமல் சாப்பாட்டு அறைக்கு வழி இல்லை.
இர்ஃபான் தலையைக் குனிந்தபடியே கடந்தான்.
காரில் சொன்னான்: "நாற்பத்தியோரு பாட்டில் அத்தா."

இத்தனையும் பேசித் தீர்க்கலாம்.
நிற்பது மூன்றாம் பக்கத்துக் கட்டத்தில்.
சார்ந்திருப்போர்:
மனைவி. இருபத்தைந்து வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகள்.
அவ்வளவுதான்.

மதினி எந்தக் கட்டத்திலும் இல்லை.
அவர் போனில் கேட்டார்.
"சேச்சி ஃபேமிலி அல்லல்லோ சாரே," என்றார் செக்ரட்டரி,
"கெஸ்டாயிட்டு வராமல்லோ."
ஆளுக்கு முந்நூறு ரூபாய். மாதம் நாலு தடவை.
வாசல் நோட்டில் கையெழுத்து.

தலாக் ஆகி பதினாலு வருஷம்.
மதினி கையில் ஒரு பிடி காயைக் குலுக்கினால்
எட்டு மில்லியா ஏழா என்று சத்தத்திலேயே தெரியும்.
கிட்டங்கிச் சாவி அவர் இடுப்பில்.
தொழிலில் பாதி அவர் பேரில்.
நாலரை லட்சத்துக்கு செக் எழுத
இரண்டு கையெழுத்து வேண்டும்,
இரண்டாவது அவருடையது.

நேற்று ராத்திரி காய் பொறுக்கிக்கொண்டே
முகத்தைத் தூக்காமல் போட்டுக் கொடுத்தார்.
"சேருங்க. விலையைக் கேட்டுக்கிட்டு வாங்க.
அந்த எருமையை மட்டும் நான் ஒருநா பாக்கணும்,
முந்நூறு ரூவா குடுத்தே பாத்துக்கிறேன்."
சிரித்தார். நானும் சிரித்தேன்.
அவர் தம்பி எழுந்து
ஃபேனை ஒரு புள்ளி கூட்டிவிட்டு உட்கார்ந்தார்.

நாளையோடு கெடு முடிகிறது.
எல்லோரும் தூங்கிய பிறகு
ஊறுகாய் ஜாடியை நகர்த்தினேன்.
விண்ணப்பதாரர் என்ற இடத்தில்
ஜோகரா பீவி என்று எழுதினேன், பென்சிலால்.
பிறகு அவர்கள் விதிப்படியே ஒவ்வொரு கட்டமாய் நிரப்பினேன்.
கணவர்: இல்லை.
பிள்ளைகள்: இல்லை.
தம்பிக்குக் கட்டம் இல்லை, தம்பி மனைவிக்கும்.
நாங்கள் நாலு பேரும்
மாதம் நாலு தடவை, ஆளுக்கு முந்நூறு.

விடிந்ததும் அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து
முதலிலிருந்து வாசித்தார்.
மூன்றாம் பக்கத்துக்கு மறுபடி போனார்.
ரப்பர் சஃபியாவின் பையில் இருக்கிறது.
அவர் இன்னும் கேட்கவில்லை.