மிச்சம் ஒன்று

கொடிகாமம் சந்தைக்கு எதிர்ப்பக்கம்
போட்டோக்கொப்பி அடிக்கிற கடை என்னுடையது.
ஆள் வராத மத்தியானங்களில்
கம்ப்யூட்டரில் கண்ணிவெடி விளையாடுவேன்.
குறுக்கே முப்பது கட்டம், நெடுக்கே பதினாறு,
உள்ளே தொண்ணூற்றொன்பது.
என் நேரம் எழுபத்தொரு செக்கன்.
தென்மராட்சியில் இதை வெல்ல வேறு யார் என்று
கேட்க ஆளில்லாததால்
நானே சொல்லிக்கொள்வேன்: ஒருத்தனும் இல்லை.

ஆனால் நேரம் சின்னப்பிள்ளைக் கணக்கு.
விசயம் தெரிந்தவன் திறன் பார்ப்பான்.
ஒவ்வொரு பலகைக்கும் ஓர் அடிமட்ட எண் உண்டு,
இத்தனை சொடுக்குக்குக் குறைய
எவனாலும் இதைத் துப்புரவாக்க ஏலாது என்று.
அதை உன் சொடுக்குகளால் வகு.
நான் நூற்றுக்கு எண்பத்தொன்று.
கொடி நடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.
கொடி ஒரு வீண் சொடுக்கு.
எங்கே இருக்கிறதென்று தெரிந்தால்
தெரிந்ததோடு விட்டுவிட வேண்டியதுதானே.

அந்தப் புதன்கிழமை மெஷினில் தாள் சிக்கியிருந்தது.
அடையாள அட்டை இரண்டு பக்கமும், சம்பளத் துண்டும்,
மூன்று மூன்று கொப்பி கேட்டாள்.
காற்சட்டையில் முழங்கால்கள் மட்டும் வெளிறியிருந்தன.
பளை பஸ்சுக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம்.
"இதென்ன?" என்று திரையைப் பார்த்தாள்.
எண் என்றால் சுற்றியுள்ள எட்டில் எத்தனை என்று
ஒருதரம்தான் சொன்னேன்.
கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

இடது மூலையிலிருந்து வரிசை வரிசையாக வந்தாள்.
நடுவில் வெளி திறந்து கிடந்தும்
பாய்ந்து போகவில்லை.
கண்ட ஒவ்வொன்றிலும் கொடி.
"கொடி வேண்டாம், மனசில வைச்சிருங்கோ."
"பின்னால வாற ஆளுக்கு?"
"இதில பின்னால ஒருத்தரும் வரமாட்டினம்."
அடுத்ததிலும் ஒரு கொடி நட்டாள்.

சிக்கிய தாளைக் கிழித்தெடுத்துக் கொப்பி அடித்தேன்.
அப்போதுதான் வாசித்தேன்.
பெயர் கேமலதா.
வேலைத்தலம் முகமாலை.
அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கடிகாரம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் நின்றது.
மூன்று இலக்கத்துக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது.
ஒரு பெடியன் வந்து ரீலோட் போட்டுப் போனான்.
கொப்பிகள் தட்டில் ஆறிக் கிடந்தன.
வலது மூலையில் இரண்டு கட்டம் மிஞ்சியது.
ஒன்றில் இருக்கிறது.
எதில் என்று எந்த எண்ணும் சொல்லவில்லை.

அடிமட்டம் நூற்றறுபத்தாறு.
திறந்தது நூற்றறுபத்தைந்து, கொடி தொண்ணூற்றெட்டு.
பழக்கதோசத்தில் வகுத்துப் பார்த்தேன்:
அறுபத்திரண்டு சொச்சம்.

"இனி அதிஷ்டம்தான். ஏதாவது ஒண்டை அமத்துங்கோ."
"நீங்கள் என்ன செய்வியள்?"
"அமத்துவன்."
"வெடிச்சால்?"
"புதுசு ஒண்டு வரும்."
மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தாள்.
"உங்கட எண்பத்தொண்டில
வெடிச்சதுகளும் சேர்த்தியோ?"

இல்லை.
முடித்த பலகைக்குத்தான் திறன் உண்டு.
வெடித்ததை யாரும் வகுப்பதில்லை.
பத்தில் எட்டு எனக்கு வெடிக்கும்.
இதை நான் வாய் திறந்து சொல்லவில்லை.
முகத்தில் இருந்திருக்கும்.

பஸ் ஹோர்ன் அடித்தது.
நூற்றிருபது ரூபாயை எண்ணி வைத்தாள்.
"யோசிச்சுப்போட்டு வாறன்" என்றாள்,
யோசித்து வர அதில் ஒன்றுமில்லை என்று
என்னைவிட நன்றாகத் தெரிந்தும்.

இரவு ஷட்டரை இறக்கும்போது திரையை அணைக்கவில்லை.
இரண்டு கட்டமும் சாம்பல் நிறத்தில் கிடந்தன.
என் விரல் ஒருதரம் போய் வந்தது.
விடியப் பார்த்தால்
கம்ப்யூட்டர் தன்பாட்டில் அப்டேட் செய்து
திரும்ப எழும்பியிருந்தது. வெறும் நீலம்.
வெற்றிப் பட்டியலில் இல்லை, தோல்வியிலும் இல்லை,
அப்படியொரு பலகையே இருக்கவில்லை.

அடுத்த மாதத் துண்டோடு வந்தாள்.
"அது?" என்றாள்.
"வெடிக்கேல்லை" என்றேன்.
தலையாட்டினாள்.
மூன்று கொப்பி.