கழித்தல்

நான்கு சென்சார்கள். இரு மணிக்கட்டு, இரு கணுக்கால்.
வயர் கிடையாது, ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு.
அர்வைஹேருக்கு அப்பால் ஒரு கம்பளிக் கூடாரத்தில்
தெமூலென் என்கிற பதினோரு வாரத்துக்காரன்
மூன்று நாள் அசைந்ததெல்லாம்
உலான்பாதரில் என் மேசைக்கு
மேடும் பள்ளமுமாக வந்து சேர்ந்திருக்கிறது.

அவ்வளவும் அவனுடையதல்ல.
செவ்வாய் காலை நாற்பது நிமிடம்
இத்தனை ஒழுங்காக எந்தக் குழந்தையும் குதிக்காது.
அது லாரி. உறைந்த வண்டித்தடத்தில் போன லாரி.
கழித்தேன்.
மாலையில் நீண்ட, சோம்பலான அலை:
தொட்டில். யாரோ காலால் ஆட்டுகிறார்கள்,
கைக்கு வேறு வேலை. கழித்தேன்.
முதுகைத் தட்டியது, துணி மாற்றியது,
அக்காக்காரி தூக்கிக்கொண்டு ஓடியது,
ஆறு வயதிருக்கும், எட்டு சிறியது,
கழித்தேன், கழித்தேன்.

உலகம் அவனை ஆட்டுவதை எடுத்துவிட்டால்
மிச்சத்தில் அவன் எவ்வளவு என்று
டாக்டர் கேட்கிறார்.
பிறந்தவுடன் மூச்சு வர நேரமானதாம்.
வலது பக்கம் விழித்துக்கொள்ளுமா என்பதுதான் பேச்சு.

புதன் இரவு, மூன்று பத்து.
நான்கு கோடும் சேர்ந்து நடுங்கின.
வலிப்பு என்று மென்பொருள் சிவந்தது.
என் கை போன்வரை போய்விட்டது.
பிறகு பார்த்தேன்:
விட்டு விட்டு, மூச்சைப் பிடித்து,
அடக்கி, அடங்காமல், மறுபடியும் அடக்கி.
வலிப்புக்கு அடக்கத் தெரியாது.
அவனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு
மற்றவர் விழித்துவிடாமல்
ஒருத்தி அழுதிருக்கிறாள்.
இருபத்தாறு நிமிடம்.

இதற்கு எங்கள் பட்டியலில் பெயர் இல்லை.
இரைச்சல் என்று குறிக்க வேண்டும்.
குறித்தேன்.

துடைத்த இடத்தில், மூன்று முப்பத்தேழுக்கு,
வலது மணிக்கட்டில் ஒரு சின்ன மேடு.
இன்னொன்று.
லாரி இல்லை, தொட்டில் இல்லை, அவளும் ஓய்ந்திருந்தாள்.
அவள் சட்டையைப் பிடித்தானோ, வெறும் காற்றையோ.

அறிக்கைக்கு ஒரு வரி: வலக்கை, தானாக, இருமுறை.
டாக்டர் சொல்லும்வரை நாங்கள் வாய் திறக்கக் கூடாது.
ஆனாலும் செண்ட்சுரெனுக்குப் போன் போட்டேன்,
பேட்டரியைப் பற்றிக் கேட்கிற சாக்கில்.
"நன்றாகத் தூங்குகிறீர்களா?" என்றேன்.
மறுமுனையில் ஓர் ஆடு கத்தியது.
"ம், தூங்குகிறேன்" என்றாள்.