இரண்டாம் விருப்பு

இந்தக் கிழமை மட்டும் நாற்பத்தொரு விண்ணப்பம்
களுவாஞ்சிக்குடிச் சந்தியில், என் கொமியூனிகேஷனில்.
எல்லாரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்:
"எதுக்கண்ணன் கெதியா வேலை கிடைக்கும்?"
நானும் ஒரே பதிலை ஒட்டிக் கொடுக்கிறேன்,
அடையாள அட்டைக்கு லமினேட் ஒட்டுகிற மாதிரி.

ஓந்தாச்சிமடத்து விதுர்ஷிகா
சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தாள்.
கலைப்பிரிவு. அளவையியல், தமிழ், புவியியல்.
முதலாம் விருப்பு சொன்னாள், அடித்தேன்.
இரண்டாவது?
"அதே மாதிரி இன்னொண்டு."

அதே மாதிரி என்றால்?
மலையா, குளிரா, விடுதியா, பட்டமா?

இல்லையாம்.
போன வருசம் மச்சாளோடு ஒரு நாள் அங்கே போனாளாம்.
நனைந்த குடையோடு கதவடியில் நின்றாளாம்.
உள்ளே பதினொரு பேர்
கரும்பலகையில் ஒரேயொரு வசனம்.
ஒன்றேகால் மணித்தியாலம் அதைப் பிய்த்தார்களாம்
வாவிக்கரையில் நண்டு உடைப்பதுபோல,
கால் காலாக, ஓட்டுக்குள் விரல் விட்டு.
வாத்தியார் தோற்றுப்போய்ச் சிரித்தாராம்.
பாதிதான் விளங்கியதாம்.
மீதிப் பாதிக்காகத்தான் இந்த விண்ணப்பம்.

அவளுடைய இசட் புள்ளி
மூன்றாம் தசமத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கைநூலைப் புரட்டினேன். பாடநெறி, குறியீட்டு இலக்கம்,
அனுமதிக்கும் தொகை.
சண்டை பிடிப்பார்களா என்பதற்கு அதில் நிரல் இல்லை.
"வோச்சர்மாருக்குத் தெரியும் அண்ணன்," என்றாள்.
"கேற்றுக்கு அடிச்சுப் பாருங்களன்."

அடித்தேன், என்னத்துக்கென்று தெரியாமலே.

முதலாவது கேற்:
"ஆறு மணிக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்ல தம்பி,
எல்லாம் தங்கமான புள்ளைகள்."
விதுர்ஷிகா பேனையால் ஒரு கோடு கீறினாள்.

இரண்டாவது கேற்றில் ஆள் எடுக்கவில்லை.
மூன்றாவது, சிங்களத்தில், யார் நீ என்று கேட்டு வைத்துவிட்டது.

நான்காவது கேற்றில் ஒரு களைத்த குரல்:
"அந்த நூலகப் படிக்கட்டையா கேக்கிறீங்க?
ஏழெட்டுப் பேர் ஐயா, ஒவ்வொரு நாளும்.
நீதி எண்டா என்ன, நீதி எண்டா என்ன எண்டு.
மழை வந்தாலும் எழும்பாதுகள்.
பத்தரைக்கு லைட்டை நிப்பாட்டினன்.
இருட்டுக்குள்ள கதைக்குதுகள்.
போன மாசம் என்னையும் கூப்பிட்டுக் கேட்டுதுகள்."
"நீங்க என்ன சொன்னீங்க?"
"நான் சொன்னது பிழையாம்."
அந்தக் குரலில் கொஞ்சம் கோபம்,
கொஞ்சம் வேறு எதுவோ.

இரண்டாம் விருப்பு: அதன் குறியீடு.
அவள் சொல்ல முதலே என் விரல் போய்விட்டது.

அச்சுக்கு எண்பது ரூபாய் வாங்கினேன்.
நாலு கோலுக்கும் வாங்கவில்லை.
பட்டிருப்புப் பக்கமிருந்து வாடைக்காற்று எழும்ப
பாவாடையை ஒதுக்கி மிதித்துப் போனாள்.

ஷட்டரை அரைவாசி இறக்கியபோதுதான் கண்டேன்,
வரைவுத் தாளின் பின்பக்கம் அவள் எழுத்து.
அந்தப் பதினொரு பேரின் வசனமாயிருக்க வேண்டும்:
*பொய்யே சொல்லாதவன்
உண்மை சொல்கிறவன் ஆவானா?*

இதில் என்ன இருக்கிறது, ஆவான்தானே, என்று
கசக்கப் போனேன்.
முன்கடை சலூன் கோபிதன் எட்டிப் பார்த்தான்.
வாசித்துக் காட்டினேன்.
"ஏன், அவன் ஊமையா இருந்தா?" என்றான்.

சாவி கையில் இருந்தது.
கடைசி பஸ் கல்முனைப் பக்கம் போனது.
"ஊமைக்கும் கை இருக்கு, சைகை இருக்கு" என்றேன்.
"அப்ப கை கட்டிக்கொண்டு இருந்தா?"
நில்லுடா, என்றேன்,
கை கட்டுறதும் ஒரு பதில்தானே,
நில்லு,
அரைவாசி ஷட்டருக்குக் கீழே
ரெண்டு பிளாஸ்டிக் கதிரை இழுத்துப் போட்டேன்.