பன்னிரண்டாவது சில்லு

படகுத்துறைப் பலகையில் பன்னிரண்டு ஆணி.
ஆணிக்கொரு மரச்சில்லு, சில்லுக்கொரு பெயர்.
நீரில் இறங்கும்போது சிவப்பு தெரியத் திருப்பு,
ஏறியதும் வெள்ளை.
ஒன்பது வயதுக்கு இவ்வளவுதான் சட்டம்.
பத்தொன்பது வயதுக்கு, அதாவது எனக்கு,
இன்னும் சுருக்கம்:
எண்ணு.

காலை ஓட்ஸுக்கு முன் எண்ணு.
பைன் மரங்களூடே ஒற்றையடிப் பாதையில்
பின்னோக்கி நடந்தபடி எண்ணு.
இரவில் தூக்கப்பைகளுக்குள் அவர்கள் சுருண்டதும்
டார்ச்சை உள்ளங்கையால் பொத்தி
விரலிடுக்கில் கசியும் சிவப்பு வெளிச்சத்தில்
மூக்குகளை எண்ணு.

மேய்னில் ஏரிகள் ஜூலையிலும்
பனிக்காலத்தை மறப்பதில்லை.
வியாழக்கிழமை, மூன்றேகால்.
விசில் ஊதியதும் கரையேறினார்கள்
உதடு நீலமாக, பற்கள் தந்தியடிக்க.
பலகையில் பதினொரு வெள்ளை.
ஒன்று சிவப்பு.

ஓரின் திபோடோ.

அவனுக்கு நீச்சல் ஜோடி வேட்.
"ஓரின் எங்கடா?"
"இங்கதான் இருந்தான்" என்றான்
காதிலிருந்து தண்ணீரை உதறிக்கொண்டே.

மார்னி மூன்று நீள விசில் ஊதினாள்.
மாவுக்கையோடு ஓடிவந்தார் சமையல்காரர் லூசியன்.
வில்வித்தை சொல்லித் தருபவன், நர்ஸ்,
களிமண் வகுப்பில் இருந்த இருவர்.
கைகோத்து ஒரே வரிசையாக
இடுப்பளவிலிருந்து மார்பளவுக்கு நடந்தோம்.
தேநீர் நிற ஏரி அது, கண் பயன்படாது.
பாதத்தால் தேட வேண்டும்.

ஜூன் மாதப் பயிற்சியில்
மணல் மூட்டையை அமிழ்த்தித் தேடச் சொன்னார்கள்.
மூட்டைக்கு ஜெரால்ட் என்று பெயர் வைத்து
சிரித்துக்கொண்டே தேடினோம்.

இப்போது
சேறு. சேறு. கல்.
வழுவழுவென்று ஏதோ,
மரக்கட்டை.
சேறு.
மெத்தென்று ஏதோ,
யாரோ போன வருடம் தொலைத்த துண்டு.
ஒரே மூச்சில் இரண்டு வேண்டுதல்:
என் காலில் பட்டுவிடு.
என் காலில் படாதே.

கரையில் விசில், விசில், விசில்.

தபால் கொண்டுவந்த பெண்தான்
மேட்டிலிருந்து கத்தினாள்,
"மேல் கழிப்பறையில ஒரு பையன் அழறான்,
உங்க பையனா?"

தாழ்ப்பாள் மேல் சிலந்தி.
கையகலம் என்றான். நான் பார்த்தேன்,
ஒரு பட்டாணி அளவு.
அவசரத்தில் சில்லைத் திருப்பாமல் ஓடியவன்
அரைமணி நேரம் அதைப் பார்த்தபடி நின்றிருக்கிறான்,
அது அவனைப் பார்த்தபடி.
"கூப்பிட்டேன், ரொம்ப நேரம் கூப்பிட்டேன்."
கூப்பிட்டிருப்பான்.
அந்தச் சின்னக் குரலை
எங்கள் விசில்கள்தாம் விழுங்கின.

திட்டத்தான் வாயைத் திறந்தேன்.
புல்லில் மண்டியிட்டு
மதியம் சாப்பிட்டதையெல்லாம் எடுத்தேன்.
முதுகில் ஒரு குட்டிக் கை தட்டியது.
"உங்களுக்கும் சிலந்தின்னா பயமா?"
"ஆமாம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கடிதம் எழுதும் நேரம்.
எழுத்துப்பிழை பார்க்கும் சாக்கில் படித்தேன்:
அம்மா, இங்கே பெரிய சிலந்தி இருக்கு.
எல்லாப் பொறுப்பாளர்களும் டிரஸ்ஸோட
கையப் பிடிச்சுக்கிட்டு ஏரியில விளையாடினாங்க.
எங்களை மட்டும் விடல.
சாயங்காலம் ஸ்பெகட்டி.

செப்டம்பரில் பாங்கோர் நகரப் பேருந்தில்
கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.
முன்பின் தெரியாத பின்னந்தலைகள். பதினேழு.
தபால் நிலைய நிறுத்தத்தில்
தொப்பிக்காரர் ஒருவர் இறங்கினார்.
பதினாறு.
கண்ணாடியில் நெற்றியை ஒட்டி
அவர் சாலையைக் கடந்து
ஒரு கதவைத் திறந்து
உள்ளே போகும்வரை பார்த்தேன்.