பதினாலு டிகிரி

பெருமாள்புரத்தில் அந்த வீட்டுக்கு
வருடம் ஒருதரம் போவேன்.
கத்திரி தொடங்கி நாலாம் நாள் போன் வரும்:
"மசூது, ஃபிரிட்ஜ் சத்தம் போடுது."

உள்ளே பால் கிடையாது, மாவு கிடையாது,
முட்டைக் குழிகள் காலி.
நடுத்தட்டில் படுத்தவாக்கில்
ஒரே ஒரு பாட்டில்.
"இதுக்கா மேடம் இருநூறு லிட்டர்?"

"சிரா" என்றார் ஹெப்சிபா மேடம்.
ஆள் பெயர் என்று நினைத்தேன்.
திராட்சையாம்.
எங்கோ செங்குத்தான மலையில்
ஐந்து தலைமுறையாக ஒரே குடும்பம் வளர்ப்பது.
இவர் மண் பார்க்கப் போனவர்.
கீழ்ச்சரிவில் வேர் ஏன் அழுகுகிறதென்று
குழி வெட்டிக் காட்டியிருக்கிறார்.
காசு வாங்கவில்லை, அதனால் இது.
லேபிளில் அந்த வீட்டுப் பெண்
பென்சிலால் எழுதியிருந்தாள்:
பன்னிரண்டு வருடம் தொடாதே.

பன்னிரண்டு வருடம்!
எங்கள் வெயிலில் எது நிற்கும் அவ்வளவு?
சுண்ணாம்பு தடவாத கலயத்தில்
பதநீர் விடிவதற்குள் கள்.
என் மச்சானின் கோபம் ஒன்றுதான்
ஒன்பதாவது வருடமும் கெடாமல் இருக்கிறது.

எனக்கு விலக்கப்பட்டது அது.
ருசி தெரியாது.
தெரிந்தது ஒரு எண்: பதினாலு.
இருபதைத் தொட்டால் அவசரப்படும்,
ஐந்துக்கு இறங்கினால் தூங்கிவிடும் என்றார்.
வெளியே நாற்பத்தொன்று.
ரோட்டுத் தார் செருப்பைப் பிடித்து இழுக்கிறது.
தெர்மோஸ்டாட் திருகை
நகக்கண் அளவு திருப்பி, காத்திருந்து,
மறுபடி திருப்பி...
என் வீட்டில் யாருக்கும்
நான் இவ்வளவு பொறுமை காட்டியதில்லை.

ஒரு வருடம் டிரான்ஸ்பார்மர் வெடித்து
இரண்டு நாள் கரண்ட் இல்லை.
ராத்திரி மேலப்பாளையத்திலிருந்து
மீன் ஐஸ் இரண்டு பார், சாக்கில் கட்டி.
குலவணிகர்புரம் கேட் மூடியிருந்தது.
ரயில் போகும்வரை
முதுகில் குளிர்தண்ணீர் வழிய நின்றேன்.
"மீனா பாய்?" என்றார் ஆட்டோக்காரர்.
என்ன சொல்ல.
ஆமா என்றேன்.

போன மே மாதம் போன் வரவில்லை.
ஆனி பிறந்து, மேற்கே சாரல் கட்டி,
காற்று இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தபின் கூப்பிட்டார்.

பாட்டில் ஜன்னலோரம் நின்றிருந்தது, காலியாக.
அடியில் கரிசல் போல வண்டல்.
"நல்லா இருந்துச்சா?"
"முதல்ல ஒண்ணுமே பேசல, மசூது.
ஒரு மணி நேரம் கழிச்சு மிளகு.
அப்புறம் நாவப்பழம். அப்புறம்..."
நிறுத்திக்கொண்டார்.
மேஜையில் இரண்டு கிளாஸ்.
ஒன்றின் அடியில் கறை காய்ந்திருந்தது.
மற்றதில் எதுவும் ஊற்றப்படவில்லை.
நான் கேட்கவில்லை.

ஃபிரிட்ஜில் இப்போது கொத்தமல்லி, தோசை மாவு.
இருந்தும் சத்தம்.
கம்ப்ரஸர் இல்லை,
இடது முன்கால் தரையைத் தொடவில்லை.
வைக்க ஏதாவது கேட்டேன்.
கார்க்கை எடுத்துக் கொடுத்தார்.
ஒரு முனை மட்டும் கறுத்த சிவப்பு,
நாவல் தின்ற நாக்கு.
பாதியாக அறுத்துக் காலுக்கடியில் செருகினேன்.
அடங்கியது.

மறுபாதி டூல்பாக்ஸில் கிடக்கிறது,
எதற்காவது ஆகும்.